சிலாங்கூர் ஆற்றங்கரையில் ஒரு பிரெஞ்சு நாவலாசிரியர்

சிலாங்கூர் மாநிலத்தின் கோல சிலாங்கூர் மாவட்டத்தில் 'தென்னமரம்' என்றொரு தோட்டம் உண்டு. முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என்று வழங்கி, 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய ஊரையடுத்து அது இருக்கிறது. பெயரைக் கேட்ட அளவிலேயே அது தமிழ் என்பது விளங்கும். ஆயினும், இந்நாட்டின் வேளாண்மை வரலாற்றில் அப்பெயர் நிலைபெற்றது தென்னையால் அன்று, செம்பனையால். 1917இல் மலாயாவில் வாணிக முறையில் செம்பனை முதன்முதலாகப் பயிரிடப்பட்டது அங்கேதான். பயிரிட்டவர் ஆன்ரி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர்.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1930இல், அதே மனிதர் எழுதிய நாவல் ஒன்று பிரான்சு நாட்டின் புகழ்மிக்க இலக்கியப் பரிசாகிய கொன்கூர் பரிசைப் பெற்றது. நூலின் பெயர் 'மலேஸி'. பிரெஞ்சு மொழியில் மலாய் நாட்டைக் குறிக்கும் சொல் அது. அடுத்த ஆண்டே எரிக் சட்டன் என்பார் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்தார். மலாயாவின் ஆன்மா என்று பொருள்படும் தலைப்போடு அது ஆங்கிலம் அறிந்த உலகெங்கும் சென்றது. பால்மரத் தோட்டத்தையும் அதில் உழைத்த தமிழரையும் உலக இலக்கியத்தின் அவைக்கு முதலில் கொண்டு சென்ற நூல்களுள் இதற்கு உயர்ந்த இடம் உண்டு. அவையில் நம் மக்களுக்கு எத்தகைய இருக்கை கிடைத்தது என்பதே தமிழாசிரியர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

ஆசிரியராக இருந்த இளைஞர்

ஃபோக்கோனியே 1879 பிப்ரவரி 26இல் தென்மேற்குப் பிரான்சிலுள்ள பார்பெசியோ என்னும் சிற்றூரில் பிறந்தார். கொன்யாக் என்ற திராட்சை மதுவுக்குப் பேர்போன வட்டாரம் அது. கலைப்பற்று மிக்க குடும்பம். வீட்டில் இசையும் நாடகமும் விளையாட்டோடு விளையாட்டாக வளர்ந்தன. அவர் தங்கை ழெனவியேவ் பிற்காலத்தில் நாவலாசிரியையாகி, 1933இல் ஃபெமினா பரிசு பெற்றார். ழாக் ஷர்தோன் என்ற புனைபெயரால் பிரெஞ்சு உரைநடையில் பெயர் பெற்றவர், அதே ஊரில் ஃபோக்கோனியேயுடன் ஒன்றாய் வளர்ந்த இளமைத் தோழர்.

இளமையில் ஃபோக்கோனியே செய்த தொழில் நமக்கு நெருக்கமானது. இங்கிலாந்தில் ஒரு பள்ளியில் ஏறத்தாழ இரண்டாண்டுக் காலம் பிரெஞ்சும் இசையும் கற்பித்தார். எழுத வேண்டும் என்ற வேட்கை அவருக்கு இருந்தது. எழுதுவதற்கு ஓய்வு வேண்டும். ஓய்வுக்குப் பொருள் வேண்டும். ஆசிரியர் ஊதியத்தில் அப்பொருள் சேராது. இந்நிலையில், போர்னியோத் தீவில் சவ்வரிசிப் பனை பயிரிட்டால் செல்வம் திரட்டலாம் என்று கூறும் கட்டுரை ஒன்று அவர் கண்ணில் பட்டது. 1905ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அவர் மார்செய்த் துறைமுகத்தில் கப்பலேறினார். எழுதுவதற்காகப் பொருள் தேடப் புறப்பட்ட மனிதர் அவர். பொருள் விரைவில் வந்தது. நூல் வரக் கால் நூற்றாண்டு ஆயிற்று.

கிள்ளானில் கற்ற பாடம்

போர்னியோவுக்குப் புறப்பட்டவர் சிங்கப்பூரில் இறங்கியதும் மனம் மாறினார். மலாயாவின் எதிர்காலம் இரப்பரில் இருக்கிறது என்பதை அங்கே கேட்டறிந்தார். அக்கணிப்புக்குக் காரணம் இருந்தது. கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் முன்பு காப்பிதான் பயிர். 1890களில் பிரேசில் நாட்டுக் காப்பி உலகச் சந்தையை நிரப்பவே, விலை வீழ்ந்து தோட்டக்காரர் நலிந்தனர். அதே காலத்தில் மிதிவண்டிக்கும் மோட்டார் வண்டிக்கும் சக்கரம் செய்ய இரப்பர் தேவைப்பட்டது. காப்பிச் செடிகளுக்கிடையே பால்மரக் கன்றுகள் ஊன்றப்பட்டன. சில ஆண்டுகளில் செடி மறைந்து மரம் நின்றது.

ஃபோக்கோனியே கிள்ளான் வட்டாரத் தோட்டம் ஒன்றில் சேர்ந்து தொழில் பழகினார். மலாயும் தமிழும் கற்கத் தொடங்கினார். தோட்டத் துரைமாருக்குத் தமிழ் ஓர் அணிகலன் அன்று, கருவி. காடு அழிப்பதும், வடிகால் வெட்டுவதும், பால் வெட்டுவதும் தமிழ்த் தொழிலாளர் கையில் இருந்தன. விடியுமுன் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவது முதல் மாலையில் பால் நிறுப்பது வரை, கங்காணியிடமும் தண்டலிடமும் ஆளிடமும் பேசத் தமிழ் வேண்டும். 'கூலித் தமிழ்' என்ற பெயராலேயே அக்காலத்தில் துரைமாருக்குக் கைந்நூல்கள் அச்சாயின. ஏவல் வினைகளே மிகுந்த தமிழ் அது. வா, போ, வெட்டு, தூக்கு என்ற சொற்களில் தொடங்கி அவற்றிலேயே பெரும்பாலும் முடிந்துவிடும். ஏவுவதற்குக் கற்ற மொழியில் ஒருவர் மனத்தை எவ்வளவு கேட்க இயலும்? ஃபோக்கோனியேயின் நாவலைப் படிக்கும்போது இவ்வினாவை நினைவில் வைத்திருத்தல் நலம்.

பயிற்சி முடிந்ததும், சிலாங்கூர் ஆற்றின் அப்புறத்தில் ரந்தாவ் பாஞ்சாங் என்னுமிடத்தில் அவர் நிலம் பெற்றார். குன்றின்மேல் பனையோலை வேய்ந்த வீடு ஒன்றைக் கட்டிக் குடியேறினார். நாவலில் 'பனைகளின் இல்லம்' என்று வரும் வீட்டுக்கு இதுவே மூலம்.

காலம் அவர் பக்கம் இருந்தது. 1910இல் இலண்டன் சந்தையில் ஓர் இராத்தல் இரப்பர் 12 ஷில்லிங்குக்கு மேல் விலை போயிற்று. பெல்ஜிய நிதியாளர் அதிரியன் ஹாலேயின் துணையோடு, ஃபோக்கோனியே பெயர் தாங்கிய தோட்டக் கம்பெனி பிரசல்சு நகரில் நிறுவப்பட்டது. ஹாலே சுமத்திராவில் தோட்டங்கள் உடையவர். அங்கே டெலி வட்டாரத்தில் வளர்ந்த செம்பனையின் விதைகள் அவர் வாயிலாக ரந்தாவ் பாஞ்சாங் வந்தன. 1911, 1912ஆம் ஆண்டுகளில் அவை ஊன்றப்பட்டன. சோதனையாக நட்ட அந்தப் பனைகளே பின்னர்த் தென்னமரம் தோட்டத்திற்கு வழி வகுத்தன. இன்று கோலாலம்பூரிலிருந்து எத்திசையில் வண்டியோட்டினாலும் சாலையின் இருமருங்கும் செம்பனைதான். அப்பரப்பின் தொடக்கத்தில் எழுத ஓய்வு தேடிய ஒரு மனிதர் நிற்கிறார்.

போரும் நூலும்

1914இல் முதல் உலகப் போர் மூண்டதும் ஃபோக்கோனியே நாடு திரும்பிப் போர்க்களம் சென்றார். பதுங்கு குழிகளிலிருந்து மதலேன் என்னும் பெண்ணுக்கு மடல் எழுதிவந்தார். 1917இல் விடுப்பில் வந்து அவரையே மணந்தார். 1914 முதல் 1919 வரை எழுதிய அம்மடல்கள் 1998இல் நூலாக வெளிவந்துள்ளன. போருக்குப் பின் மீண்டும் தோட்டத் தொழிலைப் பார்த்தவர், 1925இல் குடும்பத்தோடு வட ஆப்பிரிக்காவின் துனீசியாவுக்குப் போய் ராதேஸ் என்னும் ஊரில் தங்கினார். மத்தியதரைக் கடலோரத்தில் உட்கார்ந்து அவர் சிலாங்கூர்க் காட்டை நினைத்து எழுதினார். ஸ்டொக் பதிப்பகம் அதனை வெளியிட்டது. இளமைத் தோழர் ஷர்தோன் அப்பதிப்பகத்தை நடத்தியவர்களுள் ஒருவர்.

கதை எளியது. லெஸ்கால் என்னும் இளைஞன் மலாயாவுக்கு வந்து தோட்டத்துரை ஆகிறான். போர்க்களத்தில் தான் அறிந்த ரோலேன் என்னும் தோழனை அங்கே மீண்டும் காண்கிறான். ரோலேன் நெடுங்காலம் காட்டோரத்தில் வாழ்ந்து, வெள்ளையர் மன்றங்களை வெறுத்து, இந்நாட்டு மக்களின் மொழிகளில் தோய்ந்தவன். ஙா, ஸ்மாயில் என்ற மலாய்ச் சகோதரர் இருவர் அவர்களிடம் பணி செய்கின்றனர். இளையவனாகிய ஸ்மாயில் உள்ளுக்குள் புழுங்கிப் புழுங்கி, இறுதியில் 'அமோக்' என்னும் கொலைவெறிக்கு ஆளாகிறான். மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு வெறும் வெறியாகத் தோன்றும் அதற்குப் பின்னே, மானமும் துயரமும் எப்படித் திரள்கின்றன என்று காட்டுவதில் ஆசிரியரின் ஆற்றல் விளங்குகிறது.

அவருடைய எழுத்தில் இகழ்ச்சி குறைவு, வியப்பு மிகுதி. மன்றத்தில் கூடிக் குடித்து, ஊர்மக்களை ஏளனம் பேசும் துரைமாரை அவர் நகையாடுகிறார். குடியேற்றக் காலத்து நூல்கள் பலவற்றினும் இந்நூல் மேம்பட்டு நிற்பதற்கு இதுவே காரணம் எனலாம்.

பாந்துனும் உள்ளுறையும்

நூலுக்கு உயிராய் நிற்பது பாந்துன். நாலடியால் அமைந்த மலாய் நாட்டுப்புறப் பாடல் அது. முதலிரண்டு அடிகளில் ஒரு காட்சி வரும்: ஒரு மரம், ஒரு பறவை, ஆற்றில் மிதக்கும் ஓர் இலை. பின்னிரண்டு அடிகளில் பாடுவோரின் உள்ளம் வரும். முன்னதற்கும் பின்னதற்கும் என்ன தொடர்பு என்பதைப் பாட்டு வாய்விட்டுச் சொல்லாது. கேட்பவர் தாமே உணர வேண்டும்.

தொல்காப்பியம் கற்றவர்க்கு இது புதிதன்று. கருப்பொருளைச் சொல்லி உட்பொருளை மறைத்து வைக்கும் உள்ளுறை உவமமும், நிலத்தின் இயல்புக்குள் கருத்தைத் தேக்கும் இறைச்சியும் சங்கப் பாட்டின் நாடியன்றோ? பாந்துனையும் அகப்பாட்டையும் அருகருகே வைத்துக் கற்பிக்கும் ஆசிரியர், இரு மொழி மாணவர்க்கும் ஒருங்கே பயன்படும் பாடம் ஒன்றை நடத்தியவர் ஆவார்.

பிரெஞ்சு மக்களுக்குப் பாந்துன் முன்பே அறிமுகம் ஆகியிருந்தது. 1829இல் விக்டர் ஹியூகோ வெளியிட்ட கவிதை நூலின் குறிப்புகளில் ஒரு பாந்துனின் மொழிபெயர்ப்பு இடம்பெற்றது. பின்னர்ப் போத்லேர் முதலிய கவிஞர்கள் அவ்வடிவத்தைத் தழுவிப் பாடினர். ஆனால் அவர்கள் ஏட்டில் கண்டதை ஃபோக்கோனியே ஆற்றங்கரையில் கேட்டார். கேட்டவற்றை மொழிபெயர்த்து நூலெங்கும் பதித்தார். அதனால்தான் நாவலில் வரும் மலாய் மாந்தர் பணியாளராய் இருந்தும், பண்பாடு ஒன்றின் வாரிசுகளாய் நிமிர்ந்து நிற்கின்றனர்.

தமிழருக்குக் கிடைத்த இடம்

தமிழர் நாவலில் இல்லாமல் இல்லை. பிரட்டுக் களம், லயம், வெட்டுக்காட்டில் குனிந்த முதுகுகள், துரையிடம் வழக்குக் கொண்டு வரும் ஆட்கள் ஆகியோர் வருகின்றனர். ரோலேன் அவர்களிடம் பரிவுடையவன். அவர்கள் மொழியிலேயே பேசுகிறவன். பழனியாயி என்னும் தமிழ்ப் பெண்ணும் வருகிறாள். லெஸ்கால் அவளைத் தன் வீட்டில் சேர்த்துக்கொள்கிறான். அவள் தோற்றத்தை ஆசிரியர் வியந்து எழுதுகிறார். ஆனால் அவள் நெஞ்சுக்குள் கதை நுழையவில்லை. துரையின் வீட்டுக்குச் சென்றவளை லயம் எப்படிப் பார்த்தது, அவள் எதை இழந்தாள், எதற்கு அஞ்சினாள் என்னும் பகுதி எழுதப்படாத பகுதி.

ஸ்மாயிலுக்குக் கிடைத்த பாட்டு பழனியாயிக்குக் கிடைக்கவில்லை. வேறுபாடு முழுவதும் இவ்வொன்றில் அடங்கும். தமிழ்த் தொழிலாளரிடம் பாட்டு இல்லாமலா இருந்தது? கப்பலேறி வந்த துயரம், கங்காணியின் வஞ்சம், அட்டைக்கடி, காய்ச்சல், ஊரில் விட்டுவந்த தாய் ஆகியவையெல்லாம் தாலாட்டாயும் ஒப்பாரியாயும் தெம்மாங்காயும் லயங்களில் ஒலித்தவையே. பாந்துனின் மறைபொருளைக் கண்டறிந்த காதுக்குத் தாலாட்டின் பொருள் எட்டாததன்று. எனினும் மலாயர் அவருக்கு இந்நாட்டின் உயிராகத் தோன்றினர். தமிழர் அவருடைய தோட்டத்தின் கைகளாகத் தோன்றினர். கைகள் பாடும் என்று முதலாளி எதிர்பார்ப்பதில்லை. அவர் கொடியவர் அல்லர். நல்லவராய் இருந்தும் அவர் நின்ற இடம் அவர் செவியை அடைத்தது.

அதே 1930

நாட்காட்டி சில வேளை நாவலாசிரியனைவிடக் கடுமையாக எழுதும். உலகப் பொருளாதார வீழ்ச்சியால் இரப்பர் விலை சரிந்த ஆண்டும் 1930தான். 1928 முதல் முதன்மையான தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றிருந்த கூலி, 1930இன் பிற்பகுதியில் 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டது. வேலையிழந்த தமிழர் பல்லாயிரக் கணக்கில் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திருப்பி அனுப்பப்பட்டனர். பாரிசில் மலாயாவின் எழில் பாராட்டப்பட்ட அதே காலத்தில், அவ்வெழிலைத் திருத்தி அமைத்த மக்கள் மூட்டை கட்டிக்கொண்டு துறைமுகத்தில் நின்றனர்.

பதினோராண்டு கழித்து, 1941இல், அம்மக்களின் குரலைக் கிள்ளான் கேட்டது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும், 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றிய ஆர். எச். நாதனும் முன்னின்ற தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் அது. கூலி உயர்வு மட்டுமா அவர்கள் கேட்டது? கள்ளுக்கடைகளை மூட வேண்டும். பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும். துரையும் கிராணியும் எதிரில் வந்தால் மிதிவண்டியிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டனர். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் ஐவர் உயிர் துறந்தனர். மிதிவண்டியிலிருந்து இறங்க மாட்டேன் என்று சொல்லும் மனம் ஒரே நாளில் முளைப்பதன்று. ஸ்மாயிலின் மானத்தைப் போலவே அதுவும் ஆண்டுக் கணக்கில் உள்ளே திரண்டது. அதைத் திறந்து காட்டும் பக்கங்கள் 'மலேஸி'யில் இல்லை.

மற்றொரு பிரெஞ்சுக்காரர்

இக்குறை ஃபோக்கோனியே ஒருவரோடு நின்றதன்று. 1912இல் அவிஞ்ஞோனில் பிறந்த பியேர் பூல் என்னும் பொறியாளர் 1936இல் மலாயாவுக்கு வந்து, கோலாலம்பூருக்கு வடக்கேயுள்ள இரப்பர்த் தோட்டமொன்றில் பணியாற்றினார். அவருக்கு வேலை கொடுத்த சொக்ஃபின் கம்பெனி, முன்பு ஃபோக்கோனியேக்குக் கைகொடுத்த ஹாலேயின் தொழில் மரபில் வந்தது. பூல் 1951இல் மலாயாத் தோட்ட வாழ்வை எள்ளி நகையாடும் நாவல் ஒன்றை வெளியிட்டார். 1952இல் வந்த 'குவாய் ஆற்றுப் பாலம்' அவரை உலகறியச் செய்தது. 1957இல் அது திரைப்படமாகி மேலும் புகழ் பெற்றது.

சயாம்–பர்மா இரயில் பாதையைப் பற்றிய கதை அது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சப்பானியர் ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளத்துக்கு அமைத்த பாதையில் போர்க் கைதிகள் 12,000 பேருக்கு மேல் மாண்டனர். ஆசியத் தொழிலாளர் அதனினும் பன்மடங்கு மாண்டனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் அவர்களுள் பெருந்தொகையினர். உலகம் கண்ணீர் விட்ட கதையின் நடுவில் ஒரு பிரிட்டிஷ் அதிகாரி நிற்கிறார். தோட்டத்தில் நாள்தோறும் தமிழரைக் கண்ட ஆசிரியரின் கதையிலேயே தமிழரின் சாவு நடுவிடம் பெறவில்லை. அக்குறையை மலேசியத் தமிழ் எழுத்தாளரே நிறைவு செய்ய வேண்டியிருந்தது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' போன்ற நாவல்கள் அப்பணியைச் செய்தன.

ஆசிரியர் கையிலுள்ள பணி

ஃபோக்கோனியே பின்னர் 1938இல் ஒரு கதைத் தொகுதி வெளியிட்டார். அதற்கப்பால் அதிகம் எழுதவில்லை. 1973 ஏப்ரல் 14இல், 94ஆம் வயதில் பாரிசில் காலமானார். ஒரே நாவலால் நிலைத்த புகழ் அவருடையது.

அந்நாவலைப் பழித்து ஒதுக்குவது அறிவுடைமை ஆகாது. புகழ்ந்து மயங்குவதும் பொருந்தாது. அயலார் ஒருவர் ஆற்றங்கரைப் பாட்டைக் காது கொடுத்துக் கேட்டு எழுதி வைத்தார். அதனால் அப்பாட்டுக்கு உரிய மக்கள் உலக அவையில் மனிதராய் நின்றனர். நூல் தரும் படிப்பினை இதுவே. நம் பாட்டை அவர் எழுதவில்லை என்று வருந்துவதில் பயனில்லை. அதை எழுதும் கடமை முதலில் யாருடையது?

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் என்று விதித்தது. துரைமார் விருப்பின்றி அமைத்த அக்கொட்டகைகளிலிருந்தே இந்நாட்டுத் தமிழ் எழுத்தாளர் பலர் தோன்றினர். ஆசிரியராகப் பணியாற்றிய முரசு நெடுமாறன் அரிதின் முயன்று தொகுத்து, 1997இல் வெளியிட்ட 'மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்' ஒருவர் உழைப்பால் எவ்வளவு காக்கலாம் என்பதற்குச் சான்று. 1966இல் தனிநாயகம் அடிகளின் முயற்சியால் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடிற்று. 1970இல் மூன்றாம் மாநாடு பாரிசில் கூடிற்று. கோலாலம்பூருக்கும் பாரிசுக்கும் இடையே தோட்டத்துரையின் நாவல் மட்டுமே பாலமாக இருந்த காலம் அவ்வாறு கடந்தது.

தோட்டங்கள் இன்று வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறி வருகின்றன. லயங்களில் பிறந்த மூதாட்டியர் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் அடுக்குமாடி வீடுகளில் பேரப்பிள்ளைகளோடு வாழ்கின்றனர். அவர்கள் நினைவிலுள்ள தாலாட்டும் ஒப்பாரியும் அவர்களோடு மறையும். ஒரு பள்ளியில் ஓர் ஆசிரியர், மாணவர் பத்துப் பேரிடம் ஆளுக்கொரு பாட்டை வீட்டில் கேட்டு எழுதி வரச் சொன்னால் போதும். பாடியவர் யார், எந்தத் தோட்டம், எந்த வேளையில் பாடுவது என்பதையும் உடன் குறித்து வந்தால் பழனியாயியின் எழுதப்படாத பக்கம் நிரம்பத் தொடங்கும்.

தென்னமரம் தோட்டத்தைப் பற்றிப் பேசும் நூல்கள் செம்பனை நட்ட துரையின் பெயரை மறவாமல் சொல்கின்றன. குழி வெட்டிக் கன்றை ஊன்றியவர்களின் பெயர்கள் அவற்றில் இல்லை. ஆயினும் அவர்கள் மொழி, தோட்டத்தின் பெயராக இன்னும் அங்கே நிற்கிறது.